புதிதாகப் பூட்டிய பழைய இன்ஜினில் எண்ணெய்க் கோளாறு: அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

பழைய காரின் இன்ஜினை முழுவதும் பிரித்து, ரீபோர் செய்து (சிலிண்டரைக் குடைந்து சமப்படுத்தி), பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தேய்த்துச் சமப்படுத்தும் கிரைண்டிங் முடித்து, புது பேரிங்கும் பிஸ்டன் ரிங்கும் போட்டுப் பூட்டிய பிறகு, அத்தனை செலவையும் ஒரே மணி நேரத்தில் வீணாக்கிவிடக்கூடிய கோளாறுகள் எண்ணெயோடு சம்பந்தப்பட்டவைதான். வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் அம்பாசடரையோ பிரீமியர் பத்மினியையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ இன்னும் வீட்டில் ஒருவராக வைத்துப் பராமரிப்பவர்களுக்காகவும், அந்த வண்டிகளை நம்பி எடுத்துக்கொள்ளும் பட்டறைக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு அம்பாசடரில் வந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். இது இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி வரிசை இன்ஜின். கிராங்கைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங், வால்வைத் திறக்க ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு, அந்தப் புஷ் ராடைக் கேம் ஷாஃப்டின் மேல் தாங்கும் தட்டையான அடிப்பாகம் கொண்ட டேப்பட் என்ற பழைய அமைப்பு. மற்ற இரண்டு வண்டிகளின் இன்ஜின்களிலும் அளவுகளும் துளைகளின் இடமும் மாறுமே தவிர, காரணம் தேடும் முறை மாறாது.

முறை என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எண்ணெய் போகும் வழியை வரிசையாகப் பின்தொடர வேண்டும். இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் எண்ணெயைச் சல்லடை வழியாகப் பம்ப் உறிஞ்சுகிறது. பம்ப்பிலிருந்து பிளாக்கின் பின்புறத்துக்கு வரும் எண்ணெய், மிகையான அழுத்தத்தை வடித்துவிடும் பிரஷர் ரிலீஃப் வால்வைத் தாண்டி, வெளியே தெரியும் ஒரு குழாய் வழியாக ஃபில்டருக்குப் போகிறது. ஃபில்டரிலிருந்து பிளாக்கின் நீளத்துக்கும் ஓடும் முதன்மை எண்ணெய்த் துளைக்கு வந்து, மூன்று மெயின் பேரிங்குகளுக்கும் பிரிகிறது. மெயினிலிருந்து கிராங்கின் உள்துளைகள் வழியாகக் கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்குகளுக்கும், இன்னொரு கிளையாகக் கேம் ஷாஃப்ட் புஷ்களுக்கும் போகிறது. கேம் புஷ் ஒன்றிலிருந்து மேலே ஏறும் மெல்லிய துளைதான் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டை நனைக்கிறது. கடைசியில் எல்லாம் சம்ப்புக்கே வடிகிறது. எந்த அறிகுறி தெரிந்தாலும், இந்த வழியில் எதுவரை எண்ணெய் ஒழுங்காக வந்திருக்கிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சந்தேகம் வந்த நொடியில் இன்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடினால் சரியாகிவிடும்" என்பது ரிங் விஷயத்தில் சில சமயம் உண்மை. பேரிங் விஷயத்தில் ஒருபோதும் உண்மையில்லை.

அறிகுறி: செல்ஃப் அடித்தும் பிரஷர் மீட்டர் முள் அசையவே இல்லை

இது ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய அறிகுறி. புதிதாகப் பூட்டிய இன்ஜினை முதன்முதலில் சுற்றும்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். கம்ப்ரெஷன் இல்லாததால் கிராங்க் லேசாகச் சுற்றும். பேரிங் மேல் எடை விழாது. அம்பாசடருக்கு ஹேண்டில் போட்டும் சுற்றலாம் என்பது இந்த இடத்தில் பெரிய வசதி. செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடைவெளி விட்டு அடித்தால் சில சுற்றுகளில் முள் எழ வேண்டும்.

எழவில்லையென்றால் முதல் சந்தேகம், பம்ப் காய்ந்திருக்கிறது என்பது. காய்ந்த பம்ப் காற்றைத்தான் சுற்றும்; எண்ணெயை உறிஞ்சாது. பம்ப்பைப் பூட்டும்போதே அதற்குள் எண்ணெயோ வாசலினோ நிரப்பியிருந்தால் இந்தப் பிரச்சினை வருவதில்லை. வாசலின் சூட்டில் உருகி எண்ணெயோடு கலந்துவிடும். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸை அதற்குப் பதிலாக அடைக்கிறவர்கள் உண்டு. அது கரையாமல் கட்டியாக நகர்ந்து சிறு துளைகளை அடைக்கும், எனவே வேண்டவே வேண்டாம். சில இன்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாகத் துளைக்கருவியை விட்டுப் பம்ப்பைச் சுற்றலாம் என்று கேள்விப்பட்டு, அம்பாசடரிலும் அப்படி முயல்கிறார்கள். இதில் பம்ப்பின் டிரைவ் தனியாகவும் டிஸ்ட்ரிபியூட்டரின் டிரைவ் தனியாகவும் கேம் ஷாஃப்டிலிருந்து எடுக்கப்படுவதால் அந்த வழி இங்கே பலிக்காது. அதற்குப் பதிலாக, பிளாக்கின் பின்புறத்திலிருந்து ஃபில்டருக்குப் போகும் வெளிக்குழாயைக் கழற்றி, பிளாக் பக்கத் துளையில் எண்ணெய்க் கேனால் மெதுவாக எண்ணெய் விட்டு, கிராங்கைக் கொஞ்சம் பின்னோக்கியும் முன்னோக்கியும் அசைத்தால் எண்ணெய் பம்ப்புக்குள் இறங்கும். பிறகு குழாயைத் திரும்பப் பூட்டிச் சுற்றிப் பாருங்கள்.

அதன் பிறகும் முள் எழவில்லையென்றால், எண்ணெய் எதுவரை வருகிறது என்று பார்க்கும் நேரம் வந்துவிட்டது. மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைப் பிளாக் முனையில் கழற்றி, அடியில் ஒரு டப்பாவை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அங்கே எண்ணெய் பீச்சினால் குற்றம் குழாயிலோ மீட்டரிலோ இருக்கிறது. வராவிட்டால் ரிலீஃப் வால்வின் குமிழ் நட்டைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங்கும் கிண்ணம் போன்ற வால்வும் சரியாக இருக்கின்றனவா, வால்வு உட்காரும் இடத்தில் தூசியோ பழைய கேஸ்கட் துணுக்கோ சிக்கி அது திறந்தபடியே நிற்கிறதா என்று பாருங்கள். வால்வும் சரியென்றால் சம்ப்பை இறக்க வேண்டியதுதான். சல்லடைக் குழாயின் இணைப்பு தளர்ந்து காற்றை இழுக்கலாம். பம்ப்புக்கும் பிளாக்குக்கும் இடையே போட்ட காகித கேஸ்கட் திருப்பிப் போடப்பட்டுத் துளையை மூடியிருக்கலாம். தாராளமாகத் தடவிய சீலன்ட் பிதுங்கி உள்ளே அடைத்திருக்கலாம். சீலன்ட் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: எண்ணெய் ஓடும் துளையைச் சுற்றியுள்ள எந்தக் கேஸ்கட்டிலும் அதைத் தடவக் கூடாது, சமமான பரப்பும் நல்ல கேஸ்கட்டும் இருந்தால் அது தேவைப்படாது.

அறிகுறி: குளிர்ந்திருக்கும்போது பிரஷர் நன்றாக இருக்கிறது, சூடானதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) விழுந்துவிடுகிறது

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. காரணமும் ஒன்றல்ல. இந்த இன்ஜின் குடும்பத்துக்கு, நன்றாகச் சூடேறிய நிலையில் சாலையில் ஓடும்போது 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அளவிலும், ஐடிலில் 15 பி.எஸ்.ஐ. அளவிலும் இருந்தால் கவலையில்லை. பொதுவான பட்டறைக் கணக்கு, ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.முக்கும் குறைந்தது 10 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பது. மே மாதத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஐடில் பிரஷர் சற்றுக் குறைவது இயல்பு. அதை அதிகாலையில் செங்குன்றம் சாலையில் ஓட்டியபோது கண்ட அளவோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் முள் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கினால் அது வெயிலின் வேலை இல்லை.

முதலில் மீட்டரை நம்பாதீர்கள். நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைய மீட்டரின் முள் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சரிபார்த்த வேறொரு மெக்கானிக்கல் கேஜை நேரடியாகப் பிளாக்கில் பொருத்தி அளந்து பாருங்கள். கேஜ் கிலோ கணக்கில் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது சுமார் 14 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளலாம்.

கேஜும் குறைவாகவே காட்டினால், இரண்டாவதாக எண்ணெயைப் பாருங்கள். புது ஜப்பானிய, கொரிய கார்களுக்காக வரும் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெயை ஊற்றியிருந்தால் இந்த இன்ஜினில் சூட்டில் பிரஷர் நிற்காது. நம் ஊர் வெப்பத்துக்கு மினரல் வகை 20டபிள்யூ-50 பொருத்தமானது. இங்கேதான் "கெட்டி ஆயிலா ஊத்துண்ணா, பிரஷர் நிக்கும்" என்ற யோசனை வரும். 20டபிள்யூ-50 ஊற்றியும் பிரஷர் நிற்கவில்லையென்றால், அதைவிடக் கெட்டியான எண்ணெயோ டப்பாவில் வரும் கெட்டிப்படுத்தும் கலவையோ குறையை மறைக்குமே தவிர நீக்காது. முள் ஏறும், பேரிங் தேய்ந்துகொண்டே போகும். அந்த ஏமாற்றத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எண்ணெயும் சரியென்றால் ரிலீஃப் வால்வு. ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் புதியது போடுங்கள். வாஷர் அடுக்கிப் பிரஷர் ஏற்றுவது கெட்டி எண்ணெயைப் போன்ற இன்னொரு மறைப்பு. ஒரு சோதனை: அதிக ஆர்.பி.எம்.மில் பிரஷர் சரியாக 50 வரை ஏறி, ஐடிலில் மட்டும் விழுந்தால் வால்வின் மேல் குற்றம் குறைவு. பேரிங் இடைவெளியின் மேல்தான் அதிகம். இரண்டு நிலையிலும் குறைவாக இருந்தால் வால்வையும் பம்ப்பையும் முதலில் பாருங்கள். ரோட்டார் வகைப் பம்ப்பில், உள் ரோட்டாருக்கும் வெளி ரோட்டாருக்கும் இடையிலான இடைவெளி 0.006 அங்குலத்துக்கு மேலும், மூடிக்கும் ரோட்டாருக்கும் இடையிலான இடைவெளி 0.005 அங்குலத்துக்கு மேலும் போகக் கூடாது. பழைய பம்ப்பை மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே திரும்பப் போடுவதுதான் பல ஓவர்ஹால்களில் நடக்கும் சிக்கனம். அளக்காத பம்ப்பைப் புது பேரிங்குகளுக்குக் கீழே பூட்டுவதை நான் ஏற்பதில்லை.

மிச்சமிருப்பது பேரிங் இடைவெளி. இதற்கான நல்ல அடிப்படைக் கணக்கு, பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதியான ஜர்னலின் ஒவ்வொரு அங்குல விட்டத்துக்கும் ஏறத்தாழ 0.001 அங்குல இடைவெளி. இரண்டங்குல ஜர்னலுக்கு 0.002 என்று கொள்ளலாம், 0.004 என்று வந்தால் எண்ணெய் பேரிங்கில் தங்காமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். கிராங்க் கிரைண்டிங் செய்தவர் பத்து சைஸ் (0.010 அங்குலம் குறைத்த அளவு) என்று சொன்னார், கடைக்காரர் பத்து சைஸ் பேரிங் கொடுத்தார் என்பதால் இடைவெளி சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மைக்ரோமீட்டரால் ஜர்னலையும், பேரிங்கைப் பிடிக்கும் மூடியான கேப்பை முறுக்கிய பின் உள்விட்டத்தையும் அளக்க வேண்டும். அல்லது பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் பிளாஸ்டிக் இழையை ஜர்னல் மேல் வைத்து, டார்க் ரெஞ்சால் முழு அளவுக்கு முறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை அதனோடு வரும் அளவுத்தாளில் ஒப்பிட வேண்டும். இழையை வைத்த பிறகு கிராங்கைச் சுற்றிவிடக் கூடாது.

இடைவெளி அதிகம் என்று தெரிந்ததும் சிலர் கேப்பின் முகத்தை அரத்தால் தேய்த்து இறுக்குவார்கள். சிலர் பேரிங்கின் அரைவட்டத் தகடான ஷெல்லுக்குப் பின்னால் காகிதத்தையோ மெல்லிய தகட்டையோ வைப்பார்கள். இரண்டும் பேரிங்கைக் கொல்லும் வேலைகள். ஷெல்லின் இரு முனைகளும் கேப்பின் விளிம்பைவிட மயிரளவு உயர்ந்து நிற்பது தற்செயல் அல்ல. முறுக்கும்போது அந்த உயரம் நசுங்கி, ஷெல்லை அதன் இருக்கையோடு இறுக்கமாகப் பிடித்துச் சூட்டைக் கடத்த வைக்கிறது. கேப்பைத் தேய்த்தால் துளை வட்டமாக இருக்காது. காகிதம் வைத்தால் சூடு வெளியேறாது.

பேரிங்கைப் பிரித்திருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். மேல் ஷெல்லில் மட்டும் எண்ணெய்த் துளை இருக்கும் செட்டில், துளையுள்ள பாதியைக் கேப்பிலும் துளையில்லாத பாதியைப் பிளாக்கிலும் போட்டுவிட்டால், அந்த மெயினுக்கும் அதிலிருந்து ஊட்டப்படும் கன்ராடுக்கும் எண்ணெயே போகாது. மீட்டரில் பிரஷர் அழகாகக் காட்டும். சில நிமிடங்களில் கன்ராடு தட்ட ஆரம்பிக்கும்.

அறிகுறி: பிரஷர் அளவுக்கு மேல் ஏறுகிறது

ரிலீஃப் வால்வு அதன் துளையில் சிக்கியிருக்கிறது, அல்லது முன்பு யாரோ ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் அடுக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் சற்று நேரம் கூடுதலாகக் காட்டுவது குற்றமல்ல. சூடான பிறகும் 80க்கு மேல் நின்றால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் பிதுங்கி, சாலையிலேயே எண்ணெய் கொட்டிவிடும். அந்த வளையம் வேறொரு காரணத்தாலும் ஒழுகும்: ஃபில்டர் மாற்றும்போது பழைய வளையம் மேல்பக்கப் பள்ளத்திலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புது வளையத்தையும் போட்டுவிடுவது. ஊசி முனையால் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

அறிகுறி: டேப்பட் இடைவெளியைச் சரி செய்தும் சில நாளில் மீண்டும் சத்தம் வருகிறது

ஒரே ஒரு வால்வில் மட்டும் இடைவெளி கூடிக்கொண்டே போனால், அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைக் குறை சொல்வதற்கு முன் கேம் ஷாஃப்டைச் சந்தேகியுங்கள். தட்டை டேப்பட் இன்ஜினில் கேமின் மூக்கும் டேப்பட்டின் முகமும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு ஓடுகின்றன. இன்ஜினின் மற்ற உரசும் இடங்களைப் போல அங்கே தடித்த எண்ணெய்ப் படலம் நிற்பதில்லை. அந்த உலோகத்தைக் காப்பது, எண்ணெயில் கலந்திருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்.டி.டி.பி. என்ற கலப்புப்பொருள். அழுத்தத்திலும் சூட்டிலும் அது உலோகத்தின் மேல் ஒரு காப்புத் தோலை உண்டாக்குகிறது.

இந்தப் பாஸ்பரஸ் வண்டியின் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும் என்பதால், 2004இல் வந்த ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்.எம். தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் அதன் அளவை 0.08 சதவீதத்துக்குள், அதாவது 800 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 800 பங்கு) கட்டுப்படுத்தினார்கள். உருளைகள் கொண்ட டேப்பட் வைத்த புது இன்ஜினுக்கு அது போதும். நம் இன்ஜினுக்கு, அதுவும் புது கேம் ஓடிப் பழகும் முதல் நேரத்தில், போதாது. 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 போன்ற கெட்டியான எண்ணெய்களுக்கு அந்த உச்சவரம்பு பொருந்துவதில்லை. ஆகையால் டப்பாவில் துத்தநாகம், பாஸ்பரஸ் அளவை வெளியிடும் எண்ணெயாகப் பார்த்து, 1000 முதல் 1200 பி.பி.எம். வரை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். லாரிகளுக்கு விற்கும் ஏ.பி.ஐ. சி.ஐ.-4 தரத்து 15டபிள்யூ-40 எண்ணெயும் இந்த விஷயத்தில் தாராளமானது. காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர்கள் பரிந்துரைக்கும் எஸ்.ஏ.இ. 40 ஒற்றைத்தர எண்ணெய் நம் வெப்பத்தில் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் தரக்குறி என்ன என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேம் கெடுவது பெரும்பாலும் முதல் இருபது நிமிடத்தில். பூட்டும்போது ஒவ்வொரு மூக்கிலும் டேப்பட்டின் முகத்திலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு பசை தடவப்பட்டிருக்க வேண்டும். வெறும் எண்ணெய் தடவி, வண்டியை ஒரு மாதம் நிறுத்திவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்தால் அது வடிந்து போயிருக்கும். ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடாமல், 2000 ஆர்.பி.எம். அளவில் ஏற்ற இறக்கத்தோடு 20 நிமிடமாவது ஓட்ட வேண்டும். இந்தக் கேமுக்கு எண்ணெய், கிராங்க் வேகமாகச் சுற்றித் தெறிப்பதால்தான் போய்ச் சேருகிறது. ஐடிலில் அது போதுமான அளவு தெறிக்காது. ஆகவே கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், இக்னிஷன் டைமிங் மூன்றும் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். டைமிங் தெரியாமல் பத்து நிமிடம் செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தால், தடவிய பசை முழுவதும் அப்போதே வழித்தெடுக்கப்பட்டுவிடும்.

கேமைச் சோதிக்க இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி, புஷ் ராடுகளை எடுத்து, பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைத் திறந்தால் டேப்பட்டுகளை விரலால் எடுக்கலாம். ஒவ்வொன்றையும் எடுத்த துளையின் எண்ணோடு ஓர் அட்டையில் வரிசையாக வையுங்கள். நல்ல டேப்பட்டின் முகம் மிக லேசாகக் குவிந்திருக்கும். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரு ஓரங்களிலும் கீற்று வெளிச்சம் தெரியும். வெளிச்சம் நடுவில் தெரிந்தால் முகம் குழிந்துவிட்டது. முகத்தில் வட்டவட்டமான கோடுகள் இருந்தால் டேப்பட் சுழன்றிருக்கிறது, அது நல்லது. ஒரே திசையில் நேர்க்கோடாகத் தேய்ந்திருந்தால் அது சுழலாமல் நின்றிருக்கிறது. கெட்டுப்போன டேப்பட்டை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. புது கேமுக்குப் புது டேப்பட் செட், பழைய கேமுக்கு அதே துளையில் அதே பழைய டேப்பட். இந்த விதிக்கு விலக்கு கிடையாது.

அறிகுறி: ராக்கர் கிறீச்சிடுகிறது, மேலே எண்ணெய் வரவில்லை

ராக்கர் கவரைக் கழற்றி ஐடிலில் பார்த்தால், ஒவ்வொரு ராக்கரின் ஓரத்திலும் எண்ணெய் மெல்லக் கசிந்துகொண்டிருக்க வேண்டும். பீச்சியடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்த ராக்கருக்கும் வரவில்லையென்றால், புதிதாக அடித்த கேம் புஷ்ஷின் துளை பிளாக்கின் துளையோடு பொருந்தவில்லை, அல்லது ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்த ஃபேஸிங் செய்தபோது விழுந்த துகள் மேலேறும் துளையில் அடைத்திருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கட்டில் அந்தச் சிறு துளை இல்லை. சில ராக்கர்களுக்கு மட்டும் வரவில்லையென்றால் ராக்கர் ஷாஃப்டுக்குள் கசடு படிந்திருக்கிறது. முனை அடைப்பான்களைக் கழற்றி உள்ளே கம்பியும் துணியும் விட்டுச் சுத்தம் செய்யாமல், வெளியே மட்டும் துடைத்துப் பூட்டியிருப்பார்கள். ஷாஃப்டைத் திருப்பிப் பூட்டியிருந்தாலும் துளைகள் எண்ணெய் வேண்டிய பக்கத்தை விட்டு விலகிவிடும்.

அறிகுறி: நீலப் புகை

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது புகைந்தால் ரிங் பக்கம்; மேம்பாலத்தில் கால் எடுத்து இறங்கிவிட்டு மீண்டும் மிதிக்கும்போது குபீரென்று வந்தால் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடு பக்கம். புது ரிங் போட்ட இன்ஜின் முதல் சில நூறு கிலோமீட்டர் கொஞ்சம் எண்ணெய் குடிப்பது இயற்கை. அதன் பிறகும் குறையவில்லையென்றால், சிலிண்டர் சுவரில் கல்லால் தேய்த்து இடும் ஹோனிங் கோடுகள் போதுமான அளவு இல்லை, ரிங் தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறது, அல்லது ரிங் பழகவே இல்லை. 'டாப்' என்று பொறித்த முகம் மேலே இருக்க வேண்டும். படி வெட்டிய இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போட்டால் அது எண்ணெயைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே தள்ளும். ரிங் வாய் இடைவெளி, இந்த 73 மி.மீ. போருக்கு (சிலிண்டர் விட்டம்) 0.010 அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும்.

ரிங் பழகாமல் போவதற்கு மென்மையான ஓட்டுதலே காரணம் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பழக்குகிறது. கேம் ஓடிப் பழகியதும், போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்காமல், மாதவரத்தைத் தாண்டி ஜி.என்.டி. சாலைக்கு அதிகாலையில் கொண்டுபோய், மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து 60 வரை திடமாக மிதித்து, பிறகு கால் எடுத்துத் தானாக வேகம் குறைய விடுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து முறை. செயற்கை எண்ணெயை இந்தக் கட்டத்தில் ஊற்றாதீர்கள்.

அறிகுறி: கிளட்ச் கூண்டின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது

கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் வெளியிலிருந்து பாருங்கள். ராக்கர் கவரிலோ பக்கவாட்டு மூடியிலோ கசியும் எண்ணெய் பிளாக்கின் பின்புறம் வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவி, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட விட்டால் எண்ணெய் வந்த தடம் பவுடரில் ஈரக்கோடாகத் தெரியும்.

உண்மையிலேயே பின் மெயினிலிருந்து வருகிறது என்றால், இந்த இன்ஜினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கிராங்கில் வெட்டியுள்ள திருகுப் பள்ளம்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. பின் மெயின் இடைவெளி கூடினாலும், கேப்பின் அடியிலுள்ள வடிகால் துளை அடைபட்டாலும், இன்ஜினின் மூச்சுக்குழாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் கூடினாலும் அந்தப் பள்ளத்தால் சமாளிக்க முடியாது. மூச்சுக்குழாயை முதலில் பாருங்கள். அது கழற்றிக் கழுவும் அரை மணி நேர வேலை. நிறுத்தி வைத்த இடத்தில் ஓரிரு சொட்டு விழுவதை இந்த வடிவமைப்பின் இயல்பாக ஏற்றுக்கொள்ளலாம்; டிப் ஸ்டிக்கில் அளவு குறையும்படி விழுவதை ஏற்கக் கூடாது.

அறிகுறி: எண்ணெய் பால் கலந்ததுபோல் இருக்கிறது

ராக்கர் கவரின் மூடியில் மட்டும் வெள்ளைப் பசை படிந்திருந்தால், குறுகிய தூரமே ஓட்டுவதால் உள்ளே வேர்க்கும் ஈரம். நீண்ட ஓட்டம் ஒன்று போதும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, உடனே நிறுத்துங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் போலத் தண்ணீர் ஏறி நின்ற வண்டியென்றால் செல்ஃபைத் தொடவே கூடாது. சம்ப் பிளக்கைத் திறந்து முழுவதும் வடித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பார்த்த பிறகே அடுத்த யோசனை.

அறிகுறி: வடித்த எண்ணெயிலும் ஃபில்டரிலும் மினுமினுப்பு

முதல் அரை மணி நேர ஓட்டம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பிறகு 500 கி.மீ.யில் மீண்டும் ஒரு முறை. கழற்றிய ஃபில்டரை எறிந்துவிடாதீர்கள். காகித மடிப்புகளைக் கத்தியால் வெட்டி எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டில் விரித்து, பெட்ரோலில் அலசி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறப் படிவு, மாலிப்டினம் பசையும் ரிங் பழகிய தூளும், அது கவலைக்குரியதல்ல. காந்தத்தில் ஒட்டும் ஊசிபோன்ற துணுக்குகள் கேமிலிருந்தோ டேப்பட்டிலிருந்தோ வந்தவை. காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளி நிறத்தில் செதில்களாக இருந்தால் பேரிங்கின் மேற்பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் பூச்சு போய் அடியிலுள்ள அடுக்கும் தேய ஆரம்பித்துவிட்டது. விரலுக்கிடையே தேய்த்தால் நறநறவென்றிருப்பது மணலோ, ஹோனிங் கல்லின் தூளோ, துருவோ.

கடைசியாகச் சொன்னது வட சென்னையில் தனிக் கவனம் கேட்கிறது. கடற்கரைக்கு அருகில் இருக்கும் பட்டறையில், ஹோனிங் செய்த சிலிண்டர் சுவரை எண்ணெய் தடவாமல் மதியத்துக்கு விட்டுவிட்டால், கடற்காற்று அடித்து மாலைக்குள் பழுப்புப் படர்ந்துவிடும். மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறிய பகுதி இது. போர்வெல் தண்ணீரில் பிளாக்கைக் கழுவினால் உப்பு, எண்ணெய்த் துளைகளின் உட்சுவரிலேயே காய்ந்து நிற்கும். ஆகவே முதலில் முதன்மை எண்ணெய்த் துளையின் இரு முனைத் திருகு அடைப்பான்களையும் கழற்றுங்கள். அவற்றைக் கழற்றாமல் "டேங்கில் போட்டுக் கழுவியாச்சு" என்று சொல்வதை ஏற்காதீர்கள். பழைய கசடும் கிரைண்டிங் தூளும் சேர்ந்து தங்கும் இடமே அதுதான். நீண்ட பிரஷ்ஷை டீசலில் நனைத்து ஒவ்வொரு துளையிலும் இழுத்து, சூடான நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, காற்றடித்து ஈரம் போக்கி, அதே நிமிடத்தில் எண்ணெய் தடவ வேண்டும். கிராங்கின் உள்துளைகளுக்கும் இதே கவனிப்பு. வெள்ளைத் துணியை எண்ணெயில் நனைத்துச் சிலிண்டர் சுவரைத் துடைத்தால் அதில் சாம்பல் நிறம் ஏறக் கூடாது; ஏறினால் சோப்புக் கழுவல் மறுபடியும். மணல் வீசிச் சுத்தம் செய்த சம்ப்பிலும் ராக்கர் கவரிலும் உட்தகடுகளின் மடிப்பில் மணல் ஒளிந்திருக்கும். கவரைக் கவிழ்த்து மரச்சுத்தியலால் தட்டினால் கொட்டுவது எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். அதனால் எண்ணெய் ஓடும் பாகங்களுக்கு மணல் வீச்சே வேண்டாம் என்பது என் முடிவு.

நறநறப்புத் தெரிந்த இன்ஜினை எண்ணெய் மாற்றி ஓட்டிச் சரிசெய்ய முடியாது. சம்ப்பை இறக்கி, கன்ராடு கேப் ஒன்றையும் மெயின் கேப் ஒன்றையும் கழற்றி ஷெல்லைப் பாருங்கள். பரப்பில் கீறல்களும் கரும்புள்ளிகளாகப் பதிந்த துகள்களும் இருந்தால், அந்த ஷெல்கள் அனைத்தையும் மாற்றி, ஜர்னல்களை மீண்டும் அளந்து, துளைகளைக் கழுவும் வேலையை முதலிலிருந்து செய்யுங்கள். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ விடாமல், மூடியுள்ள கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. ஃபில்டரிலிருந்து எடுத்த துகள்களை மட்டும் ஒரு சிறு பாட்டிலில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைத்திருங்கள், 500 கி.மீ.யில் வெட்டும் அடுத்த ஃபில்டரோடு ஒப்பிட அது தேவைப்படும்.